சிறிய சுருளும் பெரிய பொறுப்பும்

தெருவிலும் பந்தயத் தளத்திலும் ஓடும் எஞ்சினுக்கு வால்வு ஸ்பிரிங் தேர்ந்தெடுக்கும் முறை

மோட்டார் எஞ்சினைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அதன் குதிரைத் திறன் எவ்வளவு, சிலிண்டர்கள் எத்தனை, கார்புரேட்டர் எந்த வகை என்றெல்லாம் கேட்பவர் பலர் உளர். வால்வு ஸ்பிரிங் எத்தகையது என்று கேட்பவரோ மிகச் சிலரே. அது உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு கம்பிச் சுருள். எஞ்சினின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலையும் அற்பமே. ஆயினும் தேர் எவ்வளவு உயர்ந்ததாயினும் அச்சாணியை நம்பியே ஓடுவது போல, எஞ்சின் எவ்வளவு வலியதாயினும் இச்சுருளை நம்பியே சுழல்கிறது. ஒரு ஸ்பிரிங் முறிந்தால் வால்வு சிலிண்டருக்குள் இறங்கிவிடக் கூடும். மேலெழும் பிஸ்டன் அதனை மோதும். கண் இமைக்கும் நேரத்தில் பிஸ்டனும் சிலிண்டர் தலையும், சில சமயம் பிளாக்கும் பாழாகும். பல மாதச் சேமிப்பு ஒரு நொடியில் இரும்புத் துண்டுகளாகிவிடும்.

புனே, ஜம்ஷெட்பூர் முதலிய தொழில் நகரங்களில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் மோட்டார்த் தொழிலையே தம் வாழ்வாகக் கொண்டுள்ளனர். நாளெல்லாம் எஞ்சினோடு பழகும் இளைஞனுக்கு வேகத்தின் மீது ஆசை எழுவது இயல்பு. அந்த ஆசையை அதட்டி அடக்குவதைக் காட்டிலும் அறிவினால் நெறிப்படுத்துவதே நன்று என்பது நமது எண்ணம். ஆகவே, 'ஸ்ட்ரீட் அண்டு ஸ்டிரிப்' என்று அமெரிக்கர் பெயரிட்டுள்ள எஞ்சின்களுக்கு வால்வு ஸ்பிரிங்கை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இம்மாதம் ஆராய்வோம். பட்டறைப் பக்கமே போயிராத பெற்றோரும் விளங்கிக்கொள்ளும்படி சொல்ல முயல்வோம்.

இரட்டை வாழ்க்கை

'ஸ்ட்ரீட்' என்பது தெரு. 'ஸ்டிரிப்' என்பது கால் மைல், அதாவது 1,320 அடி நீளமுள்ள நேரான பந்தயத் தளம். வாரம் முழுவதும் அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் ஓடிய காரையே, விடுமுறை நாளில் அத்தளத்துக்குக் கொண்டுசென்று, நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு எத்தனை நொடியில் எல்லையை அடைகிறது என்று பார்ப்பது அமெரிக்காவில் வேரூன்றிய ஒரு விளையாட்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே ஓய்ந்து கிடந்த விமானத் தளங்கள் பல இவ்விளையாட்டுக்கு இடங்கொடுத்தன. 1950-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் சான்டா ஆனா விமான நிலையத்தின் ஓடுபாதையில் கட்டணம் வசூலித்து நடத்தப்பட்ட பந்தயங்கள் பெயர் பெற்றவை. 1951-இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். தெருக்களில் திருட்டுத்தனமாகப் பந்தயம் ஓடிய இளைஞர்களைப் பாதுகாப்பான தளத்துக்கு அழைத்து வருவது அவருடைய முக்கிய நோக்கங்களுள் ஒன்று.

இது நமக்கு முற்றிலும் அயலான கதையன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்காலத்தில் அமைந்த விமானத் தளமும் பின்னாளில் பந்தயத் தளமாயிற்று. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய சோழவரம் பந்தயங்களை ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு சென்று கண்டனர். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தளம் அமைந்தது.

இரு வேலை செய்யும் எஞ்சினின் வாழ்க்கை, வெளியூரில் வாழும் நம் குடும்பங்களின் வாழ்க்கையை ஒத்தது. வெளியே ஒரு பாஷை, வீட்டிலே ஒரு பாஷை. இரண்டிலும் தடுமாறாமல் நடக்க வேண்டும். பந்தயத்துக்கென்றே கட்டிய எஞ்சினின் ஸ்பிரிங்குகளைச் சில ஓட்டங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடலாம். தெருவில் மட்டும் ஓடும் எஞ்சினின் ஸ்பிரிங்கை ஆண்டுக்கணக்கில் யாரும் பார்ப்பதேயில்லை. இரண்டிலும் ஓட வேண்டிய எஞ்சினுக்கோ, அதிவேகத்தையும் தாங்கி, பல்லாயிரம் மைல் உழைக்கவும் வல்ல ஸ்பிரிங் தேவை. அதுவே இத்தேர்வைக் கடினமாக்குகிறது.

வால்வின் வேலை என்ன?

எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை நுழையவும், எரிந்த புகை வெளியேறவும் வாயில்கள் உள்ளன. அவ்வாயில்களின் கதவுகளே வால்வுகள். கேம் ஷாப்ட் என்னும் தண்டில் முட்டை வடிவில் புடைத்துள்ள மேடுகள், டாப்பெட், புஷ் ராடு, ராக்கர் ஆகியவற்றின் வழியாக வால்வைத் தள்ளித் திறக்கின்றன. திறப்பது கேமின் வேலை. மூடுவது ஸ்பிரிங்கின் வேலை.

ஆனால் இதோடு ஸ்பிரிங்கின் கடமை முடிந்துவிடுவதில்லை. கேம், வால்வை வேகமாக எறிவது போலத் தள்ளுகிறது. மேட்டின் உச்சியை நெருங்கும்போது, அந்த வேகத்தோடு பறந்துவிடாமல் வால்வைப் பிடித்து நிறுத்தி, கேமின் உருவத்தை ஒட்டியே நடத்திச் செல்ல வேண்டும். அவ்வேலையைச் செய்ய ஸ்பிரிங்கைத் தவிர வேறு உறுப்பு இல்லை. நிமிஷத்துக்கு 6,000 சுற்றுச் சுழலும் எஞ்சினில் கேம் 3,000 சுற்றுச் சுழலும். அப்படியானால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 தடவை திறந்து மூடுகிறது. அந்த ஐம்பது தடவையும் தவறாமல் பிடித்து இழுப்பது இந்தச் சுருள்தான்.

இங்கே நினைவில் இருத்த வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. வால்வைக் கட்டுக்குள் வைக்கத் தேவையான விசை, வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை. வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுகிறது. 5,000 சுற்றில் போதுமாயிருந்த விசை, 6,000 சுற்றில் 1.44 மடங்காக வேண்டும். 7,000 சுற்றிலோ 1.96 மடங்கு, அதாவது ஏறத்தாழ இரட்டிப்பு. "இன்னும் ஆயிரம் சுற்றுத்தானே!" என்று மிதிக்கும் ஓட்டுநர் இக்கணக்கை அறிந்திருப்பாராயின் சற்றுத் தயங்குவார்.

இரு நோய்கள்

ஸ்பிரிங் போதாதபோது இரண்டு நோய்கள் தோன்றும். முதலாவது, வால்வு மிதப்பு. ஸ்பிரிங்கின் பிடிக்கு அடங்காமல் டாப்பெட் கேமின் மேட்டைத் தாண்டிக் குதிக்கிறது. வால்வு தன் இருக்கையில் மெல்ல அமராமல் மோதித் துள்ளுகிறது. எஞ்சின் திடீரென்று ஏறாமல் நின்று, திக்கித் திணறும். ஹைட்ராலிக் டாப்பெட்டாயின், குதித்ததால் ஏற்பட்ட இடைவெளியை எண்ணெய் நிரப்பிக்கொள்ள, வால்வு முழுதும் மூடாமலே நின்றுவிடும். வால்வு பிஸ்டனைத் தொடும் அபாயமும் அப்போதுதான் நேருகிறது.

இரண்டாவது நோய் ஸ்பிரிங்கின் உள் அதிர்வு. வீணைக் கம்பிக்குத் தனக்கென ஒரு சுருதி இருப்பது போல ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் இயல்பான அதிர்வு எண் உண்டு. கேமின் அசைவுகளுள் ஒன்று அந்த எண்ணோடு இசைந்துவிட்டால், சுருளின் நடு வளையங்கள் அலை போல் மேலும் கீழும் ஓடத் தொடங்கும். வெளியே இருந்து பார்த்தால் ஸ்பிரிங் வலுவாகவே தோன்றும். ஆனால் அக்கணத்தில் அதன் பிடி தளர்ந்திருக்கும். இவ்வதிர்வு நீடித்தால் கம்பி களைத்து முறியும்.

இவற்றைக் கேட்டவுடன், "அப்படியானால் கிடைப்பதிலேயே மிகக் கடினமான ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்ததே!" என்று தோன்றும். இளைஞர் பலர் செய்யும் பிழை இதுவே. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. ராக்கரின் விகிதம் ஒன்றரை எனில், வால்வின் பக்கம் 300 ராத்தல் அழுத்தம் இருக்கும்போது கேமின் மீது 450 ராத்தல் விழுகிறது. (ஒரு ராத்தல் என்பது சுமார் 454 கிராம்.) தட்டையான அடியுள்ள டாப்பெட்டும் கேமும் தொடும் இடமோ மிகச் சிறியது. அளவுக்கு மீறிய ஸ்பிரிங் அங்கே எண்ணெய்ப் படலத்தைக் கிழித்து, கேமின் மேட்டைத் தேய்த்துத் தட்டையாக்கிவிடும். புஷ் ராடு வளையும். தேய்ந்த இரும்புத் தூள் எண்ணெயோடு கலந்து எல்லாப் பேரிங்குகளுக்கும் பரவும். ஆகவே தேவைக்குக் குறையாமலும் தேவைக்கு மிஞ்சாமலும் உள்ள ஸ்பிரிங்கே நல்ல ஸ்பிரிங்.

அறிய வேண்டிய நான்கு எண்கள்

ஸ்பிரிங் வாங்குமுன் நான்கு எண்களை அறிய வேண்டும்.

முதலாவது, பொருத்திய உயரம். வால்வு மூடியிருக்கையில் ஸ்பிரிங்கின் அடித்தளத்துக்கும் மேல் தொப்பியாகிய ரிடெய்னருக்கும் இடையிலுள்ள தூரம் இது. இரண்டாவது, அமர்வு அழுத்தம். அதே நிலையில் ஸ்பிரிங் எத்தனை ராத்தல் அழுத்துகிறது என்பதைக் குறிப்பது. மூன்றாவது, விகிதம். ஓர் அங்குலம் அழுத்த எத்தனை ராத்தல் கூடுகிறது என்பதாம். நான்காவது, முழு நெருக்க உயரம். வளையங்கள் ஒன்றோடொன்று தொட்டு, இனி அழுத்த இடமில்லை என்னும் நிலையில் உள்ள உயரம்.

இந்நான்கோடு கேமின் தூக்கு அளவும் தெரிந்தால் கணக்கு எளிது. வால்வு முழுதும் திறந்தபோதுள்ள அழுத்தம் எவ்வளவு எனில், விகிதத்தைத் தூக்கு அளவால் பெருக்கி அமர்வு அழுத்தத்தோடு கூட்டினால் கிடைப்பது. பொருத்திய உயரத்திலிருந்து தூக்கு அளவைக் கழித்தால் திறந்த உயரம் கிடைக்கும். அது முழு நெருக்க உயரத்தைக் காட்டிலும் 0.060 அங்குலமேனும் கூடுதலாக இருப்பது பொதுவான பாதுகாப்பு விதி. இந்த இடைவெளியின்றி வளையங்கள் முட்டிக்கொண்டால் ஏதேனும் ஒன்று உடைந்தே தீரும்.

ஒரு கணக்கு

1955-இல் செவ்ரலே நிறுவனம் 265 கன அங்குல வி-8 எஞ்சின் ஒன்றை வெளியிட்டது. எட் கோல் என்பவர் தலைமைப் பொறியாளராயிருந்தார். எளிய அமைப்பும் மலிவான உறுப்புகளும் கொண்ட அக்குடும்பத்து எஞ்சின்கள் அமெரிக்கப் பட்டறைக்காரர்களின் செல்லப் பிள்ளைகளாயின. அதே குடும்பத்தில் 1967-இல் வந்த 350 கன அங்குல எஞ்சினையே நம் உதாரணமாகக் கொள்வோம்.

அதன் சாதாரணத் தொழிற்சாலை ஸ்பிரிங், 1.70 அங்குல உயரத்தில் சுமார் 80 ராத்தலும், 1.25 அங்குல உயரத்தில் சுமார் 200 ராத்தலும் அழுத்தும். 0.45 அங்குலத்துக்கு 120 ராத்தல் கூடுகிறது. ஆகவே விகிதம் அங்குலத்துக்கு ஏறத்தாழ 267 ராத்தல். வால்வைச் சுமார் 0.390, 0.410 அங்குலம் மட்டுமே தூக்கும் சாதுவான குடும்பக் காரின் கேமுக்கு அது போதும்.

இப்போது, மேட்டின் உயரம் 0.320 அங்குலமுள்ள பெரிய கேம் ஒன்றை வாங்குகிறோம் எனக் கொள்வோம். ராக்கர் விகிதம் 1.5, எனவே வால்வின் தூக்கு 0.480 அங்குலம். பழைய ஸ்பிரிங்கை அப்படியே விட்டால் திறந்த நிலையில் 208 ராத்தல்தான் கிடைக்கும். 6,000 சுற்றை நாடும் கேமுக்கு இது போதாது. அதற்குப் பதிலாக, 1.70 அங்குலத்தில் 115 ராத்தலும், விகிதம் 340 ராத்தலும், முழு நெருக்க உயரம் 1.150 அங்குலமும் உள்ள ஸ்பிரிங்கைத் தேர்ந்தால், திறந்த அழுத்தம் 115-உம் 163-உம் சேர்ந்து 278 ராத்தல் ஆகும். திறந்த உயரம் 1.220, முழு நெருக்கத்துக்கு மீதி 0.070 அங்குலம். எல்லாம் விதிக்குள் அமைந்துவிட்டன.

இனித்தான் எச்சரிக்கை வேண்டும். "இன்னும் கொஞ்சம் அழுத்தம் இருக்கட்டும்" என்று 0.030 அங்குல ஷிம் ஒன்றை அடியில் வைத்தால் கூடுவது 10 ராத்தல் மட்டுமே. ஆனால் மீதி இடைவெளி 0.040 ஆகச் சுருங்கி விதிக்கு வெளியே போய்விடும். அல்லது, ஷிம் வைக்காமல் ராக்கரை மட்டும் 1.6 விகிதத்துக்கு மாற்றினால், தூக்கு 0.512 ஆகி, இடைவெளி 0.038 ஆகிவிடும். ஸ்பிரிங் அதேதான், கேமும் அதேதான், ஒரு சிறு மாற்றம் முழுக் கணக்கையும் கவிழ்த்துவிடுகிறது. எதை மாற்றினாலும் எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

எந்தக் கேமுக்கு எவ்வளவு?

கேம் தயாரித்தவர் அதனோடு ஓர் அட்டை தருவார். எந்த ஸ்பிரிங் ஏற்றது என்று அதிலேயே குறிப்பிட்டிருப்பார். கேமின் உருவத்தை வரைந்தவர் அவரே. ஆகையால் நண்பர் சொல்லையும் கடைக்காரர் சொல்லையும் விட அந்த அட்டையின் சொல்லுக்கே முதலிடம் தர வேண்டும். இருப்பினும் பொதுவான எல்லைகளை அறிந்திருப்பது நலம்.

தெருவில் ஓடும் தட்டை அடி ஹைட்ராலிக் டாப்பெட் கேமுக்கு அமர்வு அழுத்தம் 100 முதல் 125 ராத்தல் வரையிலும், திறந்த அழுத்தம் சுமார் 300 ராத்தல் அளவிலும் இருப்பது வழக்கம். அதற்கு மேல் மிகுந்தால் கேம் தேயும் அபாயம் வளரும். உருளை பொருத்திய ஹைட்ராலிக் டாப்பெட் கனமானது; அதற்கு அமர்வில் 130 முதல் 150 ராத்தல் வரையிலும், திறந்த நிலையில் 300 முதல் 360 ராத்தல் வரையிலும் கொடுப்பர். உருளையோடு கூடிய திட டாப்பெட் பந்தயத்துக்கே உரியது. அமர்வில் 200 ராத்தலும், திறந்த நிலையில் 500 ராத்தலும், அவற்றுக்கு மேலும் கேட்கும். அத்தகைய ஸ்பிரிங்கோடு தினந்தோறும் கடைத்தெருவுக்குப் போய்வருவது விவேகமாகாது. இரட்டை வாழ்க்கை வாழும் எஞ்சினுக்கு முதல் இரண்டு வகைகளே ஏற்றவை.

வகைகளும் பொருளும்

ஸ்பிரிங்குகளின் கம்பி பெரும்பாலும் குரோமியமும் சிலிக்கானும் சேர்ந்த எஃகு. அதன் மேற்பரப்பில் நுண்ணிய குண்டுகளை வேகமாக மோதவிட்டு இறுகச் செய்வர். விரிசல் தொடங்காமல் காப்பது இதன் நோக்கம்.

ஒற்றைச் சுருளினுள் தட்டைக் கம்பியாலான அதிர்வடக்கி ஒன்றைச் செருகி விற்பது ஒரு வகை. அது வெளிச் சுருளின் உட்புறத்தை உராய்ந்து, மேலே சொன்ன உள் அதிர்வைத் தணிக்கிறது. தெருவுக்கும் தளத்துக்கும் பொதுவான எஞ்சின்கள் பலவற்றுக்கு இதுவே போதும். சுருளுக்குள் சுருளாக அமைந்த இரட்டை ஸ்பிரிங் மற்றொரு வகை. மிகுந்த அழுத்தம் தருவதோடு, வெளிச் சுருள் முறிந்தாலும் உட்சுருள் வால்வைத் தாங்கி நிற்கக் கூடும் என்பது அதன் தனிச் சிறப்பு.

மூன்றாவது வகை தேன்கூட்டு வடிவ ஸ்பிரிங். அடியில் அகன்றும் உச்சியில் குறுகியும் இருக்கும். வளையங்கள் ஒரே அளவினவாய் இல்லாமையால் அதிர்வு ஒரே சுருதியில் நிலைகொள்வதில்லை. உச்சி குறுகியதால் ரிடெய்னரும் சிறிதாகி எடை குறைகிறது. எடை குறைந்தால் குறைந்த அழுத்தமே அதே வேகத்துக்குப் போதும். செவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், தன் எல்.எஸ். குடும்ப எஞ்சின்களில் இவ்வடிவத்தைத் தொழிற்சாலையிலேயே கையாண்டது. ஆனால் ஒற்றைச் சுருளாதலால், முறிந்தால் தாங்க உட்சுருள் இல்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங்கே வேண்டாம் என்று துணிந்தவரும் உண்டு. 1954-இல் வந்த மெர்சிடிஸ் பந்தயக் காரில் வால்வைத் திறக்கவும் மூடவும் கேமையே பயன்படுத்தினர். 1986-இல் ரெனோ நிறுவனம் பார்முலா ஒன் எஞ்சினில் சுருளுக்குப் பதிலாக அழுத்திய வாயுவைப் புகுத்தியது. சாமானியரின் காருக்கோ இன்றளவும் கம்பிச் சுருளே கதி.

பொருத்தும் முறை

நல்ல ஸ்பிரிங்கும் கவனமின்றிப் பொருத்தினால் கெட்ட ஸ்பிரிங்தான். முதலில் ஒவ்வொரு வால்வின் பொருத்திய உயரத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். வி-8 எஞ்சினில் பதினாறு வால்வுகள். பதினாறும் ஒன்றாக இரா. வால்வையும் இருக்கையையும் அரைத்துச் சீர் செய்திருந்தால் வால்வின் தண்டு சற்று மேலே ஏறி, உயரம் கூடி, அழுத்தம் குறைந்திருக்கும். இந்த வேறுபாட்டைச் சரிசெய்வதே ஷிம்மின் உண்மையான வேலை. 0.015, 0.030, 0.060 அங்குலக் கனங்களில் அது கிடைக்கிறது.

ஸ்பிரிங்கின் உயரம் மட்டுமின்றி, வால்வு முழுதும் திறந்தபோது ரிடெய்னரின் அடிப்பாகம் வால்வு கைடின் மேலுள்ள எண்ணெய் சீலைத் தொடாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அங்கும் 0.050 அங்குலத்துக்குக் குறையாத இடைவெளி தேவை. அகன்ற ஸ்பிரிங்குக்காகச் சிலிண்டர் தலையில் உள்ள பள்ளத்தை விரிவுபடுத்த நேர்ந்தால், அடியிலேயே நீரறை இருப்பதை மறத்தல் கூடாது. ஆழமாகக் கடைந்துவிட்டால் தலையே வீணாகும். பழைய செவ்ரலே தலைகள் பலவற்றில் ராக்கர் ஸ்டட் மரையின்றி அழுத்தி இறக்கப்பட்டது. கடின ஸ்பிரிங் அதனை மெல்ல மெல்ல மேலே பிடுங்கிவிடும். மரையுள்ள ஸ்டட்டாக மாற்றிய பின்னரே ஸ்பிரிங்கின் வலுவைக் கூட்ட வேண்டும்.

கையாளுகையிலும் பக்குவம் வேண்டும். ஸ்பிரிங்கை வைஸில் வைத்து நெரிப்பதும், இரட்டைச் சுருளைத் திருப்புளியால் நெம்பிப் பிரிப்பதும் தகாதவை. நகக் கீறல் போன்ற ஒரு சிறு வடு போதும். களைப்பு முறிவு அங்கிருந்தே தொடங்கும். மாட்டுமுன் எண்ணெயில் தோய்த்தெடுப்பது நல்ல வழக்கம்.

பழக்குதலும் கண்காணித்தலும்

தட்டை அடி டாப்பெட்டுள்ள புதிய கேமை முதன்முதலாக ஓட்டுகையில் இரட்டை ஸ்பிரிங்கின் உட்சுருளை எடுத்துவிட்டு, 2,000 சுற்றுக்குக் குறையாமல் இருபது முப்பது நிமிஷம் ஓட்டிப் பழக்குவர். பிறகே உட்சுருளை மாட்டுவர். வெளியேறும் புகையைத் தூய்மையாக்கும் கருவியைக் காக்கும் பொருட்டு இக்காலத்து எண்ணெய்கள் பலவற்றில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த காப்புப் பொருளைக் குறைத்துவிட்டனர். ஆகையால் தட்டை டாப்பெட்டுக்கு ஏற்றதென்று குறிக்கப்பட்ட எண்ணெயையே ஊற்ற வேண்டும்.

புது ஸ்பிரிங் முதற் சூட்டிலேயே சிறிது அழுத்தத்தை இழப்பது இயற்கை. பொருத்துமுன் ஒவ்வொன்றின் அழுத்தத்தையும் சோதனைக் கருவியில் அளந்து நோட்டில் குறித்து வைத்தால், பின்னால் ஒப்பிட உதவும். குறித்த அளவிலிருந்து பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் அதனை ஓய்வு பெறச் செய்வதே முறை. பந்தய நாளில் கியர் தவறி எஞ்சின் எல்லை மீறிச் சுழன்றிருந்தால், வீடு திரும்பியதும் மூடியைத் திறந்து எல்லா ஸ்பிரிங்குகளையும் பார்க்காமல் மறுபடி ஓட்டலாகாது. ஒரு ஸ்பிரிங் முறிந்திருந்தால் அதை மட்டும் மாற்றுவதும் சிக்கனமாகாது; உடன் உழைத்த மற்றவையும் அதே களைப்பில்தான் இருக்கும்.

சாலை வேறு, தளம் வேறு

இறுதியாக, ஸ்பிரிங்கைக் காட்டிலும் பெரிய விஷயம் ஒன்று. நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு, அரசின் எழுத்து மூலமான இசைவின்றிப் பொதுச் சாலையில் பந்தயம் ஓடுவதைக் குற்றமாக்குகிறது; 2019-இல் திருத்தப்பட்ட பின் முதல் குற்றத்துக்கே மூன்று மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. ஆனால் சட்டத்தை விடக் கடுமையான நீதிபதி சாலையே. அங்கே எதிரே வருபவர் பந்தயக்காரர் அல்லர். பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தையாகவும், வேலை முடிந்து சைக்கிளில் வரும் தொழிலாளியாகவும் இருப்பர். வாலி பார்க்ஸ் முதலியோர் தளங்களைத் தேடியதன் காரணமும் இதுவே.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பட்டறையிலிருந்து ஒரு ஸ்பிரிங்கைக் கொண்டுவந்து காட்டினால், "இது என்ன விலை?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "பொருத்திய உயரம் என்ன? திறந்தால் எத்தனை ராத்தல்? முழு நெருக்கத்துக்கு எவ்வளவு மீதி?" என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்தவன் அளந்து செய்பவன், அவனை நம்பலாம். விடை தெரியாமல் விழிப்பவனாயின், அளந்த பிறகு மாட்டு என்று அன்போடு திருப்பி அனுப்புங்கள்.

வலிமை என்பது இறுக்கத்தில் இல்லை, பொருத்தத்தில் இருக்கிறது. கேமையும், எடையையும், வேகத்தையும், வண்டி ஓடப்போகும் பாதையையும் அறிந்து, அளவோடு தேர்ந்த ஸ்பிரிங் நொடிக்கு ஐம்பது தடவை தன் கடமையைச் சத்தமின்றிச் செய்துகொண்டிருக்கும். அது அங்கே இருப்பதே நமக்குத் தெரியாது. அதுவே அதன் பெருமை. தேர்ந்தெடுத்தவரின் பெருமையும் அதுவே.